தங்கையை எடுக்க அண்ணனைப் பார்

தண்ணீர்மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் ஆயர் தெர்ஜுன் ஆறும், ஆயர் ஈத்தாம் ஆறும் சேர்ந்த பிறகு அதற்குப் பெயர் சுங்கை பினாங். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்து கறுத்துப்போய்க் கடலில் விழும் ஆறு அது. கரையோரத்து லோங்காங்குகளில், அதாவது வடிகால்களில், குனிந்து பார்த்தால், விரல் கணு நீளத்தில் மீன்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கப்பி. தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும் அதன் சொந்த மண். கொசுப்புழுவைத் தின்னும் என்று மனிதர்கள்தான் அதை வெப்ப நாடுகளெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். கலங்கிய தண்ணீரிலும் அது பிழைத்துக்கொண்டது.

ஜாலான் பி. ரம்லிக்கு உட்புறம் ஒரு வரிசை வீட்டில் அதே கப்பியின் இன்னொரு முகத்தைப் பார்க்கப் போனேன். கார் நிற்க வேண்டிய இடம் முழுவதும் இரும்புத் தட்டுகள், அவற்றில் கண்ணாடித் தொட்டிகள், ஃபோம் பெட்டிகள். காற்றுக்குழாய்களின் சலசலப்பு ஓயவே இல்லை. தொட்டிகளின் அடியில் பவளத் துண்டுகள் கிடந்தன. கப்பிக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துவரும். கீழ்த்தட்டு இடுப்பு உயரத்தில்தான் தொடங்கியது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் தரையிலிருந்த பெட்டிகளெல்லாம் போய்விட்டன என்றார் வீட்டுக்கார அண்ணன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எதுவும் தரையில் வைக்கப்படுவதில்லை.

அவருடைய மனைவி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர்க் கரண்டியும் பூதக்கண்ணாடியும். பிறந்து மூன்று வாரமான குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விட்டு வயிற்றின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு கரும்புள்ளி தெரிய ஆரம்பித்து, அடித்துடுப்பு விசிறியாகவே இருந்தால் பெண். துடுப்பு ஒடுங்கிக் குச்சியாகத் தொடங்கினால் ஆண். ஒரு குஞ்சுக்கு இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. சந்தேகம் வந்தால் அந்தக் குஞ்சைத் தனிக் குவளையில் விடுகிறார்.

"இன்னிக்கே பிரிச்சிடணும் தம்பி. ஒரே ஒரு பையன் அந்தப் பக்கம் தங்கிட்டான்னா மொத்தத் தொட்டியும் போச்சு" என்றார் அக்கா.

அதில் மிகையில்லை. கப்பி முட்டையிடுவதில்லை, ஏறக்குறைய நான்கு வாரம் சுமந்து குஞ்சாகவே ஈனும். ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண், அந்த விந்தை உடலுக்குள் மாதக்கணக்கில் வைத்திருந்து அடுத்தடுத்த ஈற்றுக்குப் பயன்படுத்தும். டிரினிடாட்டின் ஓடைகளில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, தகப்பன் செத்த பிறகும் அதன் குஞ்சுகள் பிறந்துகொண்டிருப்பதைக் காட்டியது. அப்படியிருக்க, தெரியாத ஆணோடு ஒரு நாள் இருந்துவிட்ட பெண்ணின் குஞ்சுகளுக்குத் தகப்பன் யார் என்று எப்படி எழுதி வைப்பது?

எழுதி வைப்பதுதான் இங்கே தொழில். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று தொட்டிகளுக்கு மேலே நூலில் தொங்குகிறது. எந்தத் தொட்டி, எந்தத் தாய், எந்தத் தகப்பன், எப்போது ஈன்றது, எத்தனை தேறியது, எல்லாம் அக்காவின் கையெழுத்தில்.

கப்பியின் நிறம் தகப்பன் வழியில் போகிறது என்பதை அறிவியல் கண்டுகொண்டது 1920இல். விலாங்கு மீன் எங்கே முட்டையிடுகிறது என்று அட்லாண்டிக் கடலைச் சலித்த யொஹானஸ் ஷ்மிட், கோபன்ஹேகனில் பீர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் கப்பியும் வளர்த்தார். முதுகுத் துடுப்பில் இருந்த ஒரு கரும்பொட்டு தகப்பனிடமிருந்து எல்லா மகன்களுக்கும் போனது, மகள்களில் ஒன்றிடமும் தென்படவில்லை. அந்தப் பொட்டு ஒய் குரோமோசோமில் இருக்கிறது என்று 1922இல் விளக்கியவர் ஓய்விந்த் விங்கே. விலங்குகளில் ஒய் வழியே போகும் பண்பை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய உயிர்களில் கப்பியும் ஒன்று. நமக்கு இன்னும் பக்கத்தில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வயலட் பாங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களின் இறுதியிலிருந்து அங்குள்ள பண்ணைக் கப்பிகளையே எடுத்து ஆராய்ந்தார்கள். பாம்புத்தோல் வரி ஒய்யில் இருக்கிறது. உடலின் பின்பாதியைக் கறுப்பாக்கும் டக்சிடோ எக்ஸிலும் இருக்கலாம், ஒய்யிலும் இருக்கலாம் என்று காட்டினார்கள். பண்ணைக்காரர்கள் கைப்பழக்கத்தில் அறிந்ததை அவர்கள் மதித்து அளந்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அண்ணனிடம் அப்போது நடந்துகொண்டிருந்த வேலை, பாம்புத்தோல் வரியை அல்பினோ உடம்பில் கொண்டுவருவது. அல்பினோ ஒடுங்கு பண்பு. தாயும் தகப்பனும் ஆளுக்கொன்று கொடுத்தால்தான் வெளியே வரும். சிவந்த கண் கொண்ட அல்பினோப் பெண்ணோடு சாதாரணச் சாம்பல் உடம்புப் பாம்புத்தோல் ஆணைச் சேர்த்தார். முதல் தலைமுறை முழுவதும் சாம்பல். மகன்கள் எல்லாவற்றிலும் பாம்பு வரி, ஓர் அல்பினோகூடக் கிடையாது. விஷயம் தெரியாதவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோய் விட்டுவிடுவார்கள். அந்தச் சாம்பல் மகன்களையும் மகள்களையும் தங்களுக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று அல்பினோ. அதில் பாதி பெண். ஆக, எட்டுக்கு ஒன்றுதான் அவர் தேடும் மீன். மகனைத் திரும்ப அல்பினோத் தாயோடே சேர்த்தால் பாதிக்குப் பாதி அல்பினோ கிடைக்கும். அவர் இரண்டு வழியையும் இரண்டு தட்டுகளில் வைத்திருந்தார்.

வால்தான் சிக்கல். வரியைத் தகப்பன் கொடுத்துவிடுகிறான். அது விரியும் வாலின் அகலம், உடம்பின் கனம், அடிநிறம் இவற்றில் தாயின் பங்கும் இருக்கிறது. தாயோ எதையும் வெளியே காட்டாது. சிவப்பு வால் வகையில் பெண்ணிடம் கொஞ்சம் சாயம் தெரியும். பாம்புத்தோல் வகையில் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆய்வுக்கூடங்களில் பெண் மீனுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து மறைந்திருக்கும் நிறத்தை வரவழைத்துப் பார்ப்பது உண்டு. அந்த மீன் பிறகு ஈனுவதற்குப் பெரும்பாலும் உதவாது. இந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

"அப்ப எப்படித்தான் பொறுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணன் தம்பியப் பாத்துத்தான் தங்கச்சிய எடுக்கணும்" என்றார் அண்ணன்.

ஒரே ஈற்றுக் குஞ்சுகளை ஆண் தொட்டி, பெண் தொட்டி என்று பிரித்தாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். மூன்று நான்கு மாதத்தில் ஆண்களின் வால் முழுதாக விரியும்போது எந்த ஈற்றின் மகன்கள் சமமாகத் தேறியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். ஒரு ராஜா பிறந்து மற்றவை சோப்ளாங்கியாக இருந்தால் அந்த ஈற்றின் பெண்களை எடுப்பதில்லை. சுமாரான ஆண்கள் பத்தும் ஒரே அளவாக இருந்தால் அவற்றின் தங்கைகளுக்குத்தான் நல்ல தொட்டி. அதற்குள்ளும், வால் தொடங்கும் இடம் தடித்த பெண்ணாகப் பார்த்து எடுக்கிறார் அக்கா.

ரிப்பன் வகையில் இது இன்னும் கறார். துடுப்புகளெல்லாம் நாடாவாக நீள்வதுதான் அதன் அழகு. ஆனால் ஆணின் அடித்துடுப்பும் நீண்டு இணைசேர முடியாமல் போய்விடும். காட்சிக்கு நிற்பது அந்த ஆண். குலத்தைக் காப்பது நீளாத துடுப்போடு பிறந்த அதன் சகோதரன்.

சில தலைமுறை உறவுக்குள்ளேயே சேர்த்தால் மீன் சிறுத்து நோஞ்சானாகும். அப்போது வெளியிலிருந்து ரத்தம் வேண்டும். லோங்காங்கிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தால் என்ன என்று கேட்டேன். வலு வரும், ஆனால் அதன் எக்ஸில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும், திரும்ப லைனைக் கட்ட ஒரு வருஷம் போய்விடும் என்றார் அண்ணன்.

ஈனும் தொட்டிகளில் ராஃபியா கயிற்றைக் கிழித்து நாராக்கிக் கொத்தாக மிதக்கவிட்டிருக்கிறார்கள். தாய் தின்றுவிடாமல் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. காலையும் மாலையும் ஆர்ட்டிமியா என்ற நுண்ணிறாலைப் பொரித்து ஊட்ட வேண்டும். வெளியூர்க் கல்யாணத்துக்கு இருவரும் ஒன்றாகப் போனதில்லை.

இத்தனைக்கும் பிறகு சந்தையில் விலை ஆணுக்குத்தான். பெண்ணை ஜோடிக்கு இலவசமாகச் சேர்த்துக் கொடு என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். கொளத்தூரில் மீன் வளர்க்கும் சென்னைக்காரர்களுக்கும் இந்த வழக்கம் புதிதாக இராது. மாதக்கணக்கில் எழுதிய நோட்டின் பலன் முழுவதும் அந்த நிறமில்லாத மீனிடம்தான் இருக்கிறது. அதை இலவசமாகக் கேட்பது உழைப்பை இலவசமாகக் கேட்பது.

கப்பி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. ஆணைப் பிடித்துவிட்டால் போதாது; அதே ஈற்றின் பெண்கள் இரண்டைக் கேளுங்கள், அவற்றுக்கும் விலை கொடுங்கள். வீட்டில் பெருகி மிஞ்சிய குஞ்சுகளைக் கேட்பவருக்குக் கொடுங்கள், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். லோங்காங்கிலோ ஆற்றிலோ மட்டும் ஊற்றாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களுக்கு இடமும் இரையும் போதவில்லை.