வேகமானிச் சட்டம்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் யந்திரத்தைப் பற்றியே ஓயாது கவலைப்படுவர். யந்திரத்திற்கு உதிரிப்பாகம் எங்கேனும் அகப்படும். வெயிலில் வெடித்த உட்புறப் பிளாஸ்டிக் பாகமே அகப்படாதது. எம் தந்தையார் விட்டுச்சென்ற 1980ஆம் ஆண்டு டட்சன் சனியின் வேகமானியைச் சூழ்ந்த சட்டம் இரண்டாய்ப் பிளந்தபோது இதனை உணர்ந்தோம். அச்செடுக்க எமக்கிருந்த மாதிரி அந்த உடைசல் ஒன்றே. அவர் விரல் பட்டுப் பட்டு மழுங்கிய மூலையும் அதில் இருந்தது.

ஏ.பி.எஸ். துணுக்குகளை அசெற்றோனிற் கரைத்த குழம்பால் துண்டுகளை ஒட்டி, மேலே சிலிக்கோன் றப்பரை வார்த்தோம். சாந்து அச்சாயின் வளைவுகளிற் சிக்கி மாதிரியையே முறித்துவிடும். றப்பரோ வளைந்து கழன்றது. தோல்போன்ற நுண்வரிகளையும் பற்றிக்கொண்டது. அவ்வரிகளுக்காகவே முன்புறத்தில் உப்புத்தாள் படலாகாது, தேய்ப்பெல்லாம் பின்புறத்திற்கே.

பிசினுக்குக் கடினமாக்கி நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு என்பது பொதுவிதி. எம்மூர்ச் சித்திரை வெயிலில் அது கோப்பையிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். ஆதலின் விடியற்காலையில் 1 பங்கே சேர்த்து, முதலில் வெறும் பிசினைப் பூசி, அதன்மேற் கண்ணாடி நாரை அடுக்கினோம்.

மினுக்கம் விரும்பும் எம் கல்லூரித் தோழர்களுடன் எமக்கு உடன்பாடில்லை. பளபளக்கும் சட்டம் முன்கண்ணாடியிற் பிரதிபலித்து ஓட்டுபவர் கண்ணைக் கூசச்செய்யும். மங்கற் கறுப்பே தகும். அதுவும் மெல்லிய பூச்சுக்களாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக.

புதிய சட்டத்தில் அந்த மழுங்கிய மூலையும் அப்படியே பதிந்து வந்தது. பட்டியிட்டு நிரப்பிவிடலாமென்றார் எம் மைத்துனர். யாம் இசையவில்லை.