இரவு தங்க ஓர் இடம்



2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு. இஷா தொழுதுவிட்டு என் ஐந்து வயது மகளுடன் மாடியில் நின்றிருந்தேன். எங்கள் வீடு திண்டிவனத்தில், நெடுஞ்சாலையின் வெளிச்சம் வானத்தையே மங்கச் செய்யும் இடத்தில் இருக்கிறது. வானத்தை அண்ணாந்து பார்த்தவள், "அத்தா, நட்சத்திரம் எல்லாம் எங்கே?" என்று கேட்டாள். நன்னிமா சொன்ன கதைகளில் எண்ண முடியாத அளவுக்கு இருந்த நட்சத்திரங்கள், எங்கள் வானத்தில் பத்துக்கு மேல் தேறவில்லை. ரமலானுக்கு முன்பாக ஓர் இரவு வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்குவோம் என்று அவளுக்கு வாக்களித்தேன். குழந்தைக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான் அல்லவா? மறுநாளே கூடாரம் வாங்கிவிட்டேன். அதை எங்கே அடிப்பது என்பதுதான் எஞ்சியிருந்தது.

முதலில் செஞ்சி நினைவுக்கு வந்தது. சஅதத்துல்லாஹ் கானின் பள்ளிவாசலும் ராஜகிரி மலையும் என் மகளுக்குப் பிடித்தவை. ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாலையில் வாயிலை மூடிவிடுவார்கள். இரவில் தங்க இடமில்லை. சுற்றியுள்ள காடுகளுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பறவைகள் உறங்கும் இடத்தில் நாம் விளக்கேற்றி அமர்வது முறையல்ல. கடற்கரை மணலில் தங்கலாம் என்றால், அலையின் ஓசை கேட்டாலே ஓடுகிற குழந்தையை இரவு முழுவதும் யார் காவல் காப்பது?

கடைசியில் நானே ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். வீடூர் அணைக்குக் கீழே சங்கராபரணி ஆற்றின் நடுவில் ஒரு மணல் திட்டு. வெள்ளை மணல், ஓரமாக மெல்லிய நீரோட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு விளக்கும் இல்லை. மனைவி, "அந்த ஊர்க்காரர் யாரையாவது கேட்டீங்களா?" என்றாள். "கேட்காமல் இருப்பேனா?" என்றேன். உண்மையில் நான் யாரையும் கேட்கவில்லை. கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்ததோடு சரி. சின்னப் பொய்தான் என்று அப்போது எண்ணினேன்.

இடத்தைப் பார்த்து வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மகளை அழைத்துச் சென்றேன். நான் மணலில் நின்று கிப்லா எந்தத் திசை, கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் பத்தடி தள்ளி, தேங்கி நின்ற நீரில் கல்லெறிந்துகொண்டிருந்தாள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் என்று நினைத்தேன்.

"பாய், பிள்ளையைக் கூப்பிடுங்க!" என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர். குரலில் இருந்த கடுமையைக் கேட்டு அவளை ஓடிச்சென்று தூக்கிக்கொண்டேன். அவர் இறங்கி வந்து, கையிலிருந்த நீளமான மூங்கில் கழியை அவள் நின்ற இடத்துக்கு அருகே தண்ணீரில் விட்டார். கழி இறங்கிக்கொண்டே போயிற்று. என் உயரத்துக்கும் மேலான கழி. கைப்பிடி மட்டுமே மிஞ்சியது.

"மணல் அள்ளின பள்ளம். மேலே பார்த்தால் தெரியாது. ஓரமும் நிற்காது, சரிஞ்சிடும்" என்றார். பிறகு அணை இருந்த திசையைக் காட்டி, "இந்த மாசத்திலே வெள்ளம் வராதுதான். ஆனா, தண்ணி வர்ற வழியிலே படுக்கிற பழக்கம் வேண்டாம் பாய். செஞ்சிப் பக்கம் மலையிலே மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு பெருகி வரும்" என்றார்.

என் கைகள் நடுங்கின. வீடு திரும்பியதும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். நான் யாரையும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகளை மடியில் இருத்திக்கொண்டு அழுதாள். அவள் என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவு நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் தங்குவது குறித்துக் கற்றுத்தந்தவற்றை எடுத்துப் பார்த்தேன். இரவில் இளைப்பாற இறங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குமாறு அவர்கள் ஏவியதை முஸ்லிம் கிரந்தம் பதிவு செய்திருக்கிறது. இரவில் பாதை விலங்குகளுக்கும் விஷ ஜந்துக்களுக்கும் உரியது என்பது அதன் காரணம். ஆறும் ஒரு பாதைதானே, தண்ணீரின் பாதை! பள்ளத்தாக்குகளில் சிதறித் தங்கிய தோழர்களை அவர்கள் கண்டித்தார்கள்; அதன்பின் ஒரே போர்வைக்குள் அடங்கிவிடுவார்களோ என்னும் அளவுக்குத் தோழர்கள் நெருங்கித் தங்கினார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம்.

என்னை மிகவும் தலைகுனியச் செய்தது பத்ரு நிகழ்ச்சி. நபியவர்கள் ஓரிடத்தில் இறங்கியபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள், இது வஹியின்படி தேர்ந்த இடமா, அல்லது சொந்தக் கருத்தா என்று பணிவுடன் கேட்டார்கள். சொந்தக் கருத்தே என்று அறிந்ததும், கிணறுகளை ஒட்டிய வேறிடத்தைக் கூறினார்கள். நபியவர்கள் அதை ஏற்று இடம் மாறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அல்லாஹ்வின் தூதரே அந்த நிலத்தை அறிந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்த்தார்கள். நானோ கைப்பேசியை நம்பி, கேட்டதாகப் பொய்யும் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றேன். "ஐயா, எங்கே தங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன். சிரித்துவிட்டு, ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி மேட்டில் இருந்த தம் மல்லாட்டைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு களம் இருந்தது. "இங்கே தங்கிக்குங்க. ஏரிப் புறம்போக்கு பக்கம் வேண்டாம். யாராவது வந்து கேட்டா, பிள்ளையை வெச்சுக்கிட்டு ராத்திரியிலே எங்கே போவீங்க?" என்றார். புறம்போக்கு யாருக்கும் உரியதல்ல என்று எண்ணிவிடுகிறோம். அது அரசுக்குரியது, ஊரார் புழங்குவது. உரிமையாளர் மனமுவந்து தந்த இடத்தில் தலைசாய்ப்பதன் நிம்மதியே தனி.

அவருடன் நடந்து நடந்து நான் கற்றுக்கொண்டவை இவை. முதலில் கிணறு எங்கே என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கொல்லைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் பல உண்டு. குழந்தை ஓடி எட்டக்கூடிய தூரத்தில் ஒன்றிருந்தால் அந்த இடம் வேண்டாம். தென்னை, பனையின் கீழ் கூடாரம் கூடாது; மட்டையும் காயும் நேரம் பார்த்து விழுவதில்லை. வைக்கோல் போரை ஒட்டியும் கூடாது. எலி அங்கே வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். பல வேளைகளில் கடித்தது தெரிவதுகூட இல்லை. ஆகவே அடிப்பகுதி தைத்து மூடிய கூடாரமே வேண்டும். அதன் இழுவைப் பல்லை எப்போதும் மூடிவைக்க வேண்டும். செருப்பை உதறாமல் அணியக் கூடாது. 108 வண்டி வந்து நிற்கும் தூரத்தில் சாலை இருக்க வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதைப் பகலிலேயே ஒருமுறை சென்று அறிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மஃரிபுக்கு முன்பே மகளைக் கூடாரத்துக்குள் அழைத்துக்கொண்டோம். இருள் சூழும் வேளையில் பிள்ளைகளைத் தடுத்து வைத்து, இரவில் சிறிது நேரம் கழிந்தபின் விடலாம் என்பது நபிமொழி. ஓர் இடத்தில் இறங்கியதும், அல்லாஹ்வின் பரிபூரணமான வார்த்தைகளைக் கொண்டு படைப்புகளின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடும் துஆவை மகளும் எங்களுடன் திக்கித் திக்கி ஓதினாள். கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்த துஆ அது. முன்பு அதை ஓதிவிட்டால் போதும் என்று எண்ணியிருப்பேன். கழியால் ஆழம் பார்த்த பிறகு ஓதும்போதுதான் அதன் பொருள் விளங்கிற்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா இது!

இஷாவுக்குப் பின் களத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்தோம். தெற்கே உயரத்தில் மிகப் பிரகாசமாக ஒரு நட்சத்திரம். "இதன் பெயர் குர்ஆனிலேயே இருக்கிறது, ஷிஃரா. அதற்கும் அல்லாஹ்தான் இறைவன் என்று நஜ்மு சூராவில் வருகிறது" என்றேன். அவள் எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டுவதற்குள் உறங்கிவிட்டாள். அடுப்பின் நெருப்பை நீரூற்றி அணைத்துவிட்டு நாங்களும் படுத்தோம். ஃபஜ்ருக்கு எழுந்தபோது பெரியவர் பால் சொம்புடன் வந்திருந்தார். எங்கள் குப்பையை ஒரு துண்டுத்தாள் விடாமல் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ஆற்றுப் பாலத்தில் நீர் உயர்ந்து ரயில்கள் நின்றன. பெரியவரைத் தொலைபேசியில் பிடிக்க மூன்று நாட்களாயின. "அந்த மணல் திட்டு இருந்த இடமே தெரியலை பாய். கொல்லையும் போச்சு. களம் மட்டும் நிக்குது, அங்கேதான் மாட்டைக் கட்டியிருக்கோம்" என்றார். ஜுமுஆ முடிந்ததும் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு சென்றேன். என் மகளின் உயிருக்கு அது ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் அந்தக் களத்தில் அவருடன் சிறிது நேரம் நின்றிருந்தேன்.

பிள்ளைகளை வெட்டவெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் இடத்தைத் தேர்வதற்கு முன் அந்த மண்ணை அறிந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்கவில்லையென்றால், கேட்டதாக மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நமக்கு நன்மை செய்யும் அண்டை அயலாரையும் தன் பாதுகாப்பில் வைப்பானாக. ஆமீன்.