கடைசி வரிசை

சென்ற ஆண்டு கடலூரில் திறந்தவெளியில் நிகழ்ந்த விழாவொன்றில் ஒலிபெருக்கிகளைக் கவனிக்கும் பொறுப்பை நாம் ஏற்றிருந்தோம். மேடையின் இருபுறமும் தரைமீது பெட்டிகளை அடுக்கி, குரல் போதாதென்று தோன்றியபோதெல்லாம் ஒலியைக் கூட்டுவதே நாம் அறிந்த வித்தை. முன்வரிசைச் சிறுவர்கள் செவிகளைப் பொத்திக்கொண்டனர். கடைசி வரிசையில் அமர்ந்து நமது வரவேற்புரையைக் கேட்க வந்த பாட்டியாரோ, வீடு திரும்புகையில், "நீ வாயசைத்தது தெரிந்தது, ராசா, பேச்சுத்தான் காதில் விழவில்லை" என்றார். அச்சொல் நம் நெஞ்சை வருத்திற்று.

பின்னர், 1981 முதல் சிதம்பரத்தில் நடைபெற்றுவரும் நாட்டியாஞ்சலியைக் காணச் சென்றபோது, அவ்வூரில் மைக்செட் தொழில் புரியும் முதியவர் ஒருவரிடம் இக்குறையை உரைத்தோம். அவர் மறுநாள் தாம் வேலைசெய்யும் மைதானத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார்.

"தம்பி, தனிப்பெட்டியின் ஒலி, தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் இருப்பவருக்கும் 64 மீட்டரில் இருப்பவருக்கும் இடையே தொலைவு நான்கு முறை இரட்டிக்கிறது. ஆகவே வேறுபாடு 24 டெசிபெல். ஒலியைக் கூட்டினால் இருவருக்கும் கூடுமேயன்றி, வேறுபாடு குறையாது" என்றார்.

அங்கே லைன் அரே என்னும் பெட்டி வரிசை, வாழைத்தார்போல் நுனி வளைந்து உயரத்தில் தொங்கிற்று. இம்முறையை 1992-இல் பிரான்சு நாட்டுக் கிறிஸ்டியன் ஹைல் புதுவடிவில் வகுத்தளித்தார். மேற்பெட்டிகளுக்கு இடையே ஒரு பாகை, அல்லது அதனினும் குறைந்த கோணமே உண்டு. அவை பலவும் ஒன்றுகூடித் தொலைவிலுள்ளோரை நோக்கும். கீழ்ப்பெட்டிகள் அகல விரிந்து அருகிலுள்ளோரை நோக்கும். அவர்களுக்குச் சிலவே போதும். உயரத் தொங்குவதால் முதல் வரிசையும் சற்றே தொலைவாகிவிடும்.

முதியவர் இரைச்சலொன்றை ஒலிக்கவிட்டு, முதல் வரிசையினின்று கடைசி வரை மெல்ல நடந்தார். நடுவே ஓரிடத்தில் நின்று தலையசைத்தார். உடனே வரிசையைக் கீழிறக்கி, இரு பெட்டிகளின் கோணத்தை மாற்றி, மீண்டும் ஏற்றி, மறுபடியும் நடந்தார். இவ்வாறு மும்முறை செய்தார்.

இவ்வாண்டு அவ்விழாவில் நாமும் அவ்வாறே அளந்து, தொங்கவிட்டு, நடந்தோம். பாட்டியார் நடக்க இயலாதவராய் வீட்டில் இருந்துவிட்டார். அவர் அன்று அமர்ந்த இடத்தில் நாம் அமர்ந்தோம். மேடையில் ஒரு மாணவன் மெல்லிய குரலில் பேசினான். ஒரு சொல்லும் தவறாமல் நம் செவிக்கு எட்டிற்று. முன்வரிசையில் எவரும் காதைப் பொத்தவில்லை.

மாணவ நண்பர்களே, உரக்கப் பேசுவது வேறு; எல்லார்க்கும் எட்டப் பேசுவது வேறு. கடைசி வரிசையில் சென்று அமர்ந்து பாராதவர்க்கு இவ்வேறுபாடு விளங்காது.