லியோ ஃபெண்டருக்கு கிதார் வாசிக்கத் தெரியாது

வாசிக்க மட்டுமல்ல, ஸ்ருதி சேர்க்கவும் தெரியாது. ஆனால் ராக் இசையில் நாம் கேட்டு வளர்ந்த கிதார் சத்தத்தில் பெரும்பங்கு அவர் செய்த பெட்டிகளிலிருந்தோ, அவற்றைப் பார்த்துச் செய்த பெட்டிகளிலிருந்தோ வந்ததுதான். படித்தது அக்கவுண்டிங். பொருளாதார மந்தத்தில் வேலை போனபின், 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். நம்மூர்க் கடைத்தெருக்களில் இருந்ததே, சால்டரிங் புகையும் முதுகு திறந்து கிடக்கும் ரேடியோக்களுமாக, அப்படித்தான் அந்தக் கடையை நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

அவரிடம் வந்தவர்கள் டான்ஸ் ஹால்களில் வாசிக்கிற கலைஞர்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு: கூட்டத்தின் சத்தத்தை மீறிக் கேட்கணும், சுத்தமாகக் கேட்கணும். 1951-ல் எலக்ட்ரிக் பேஸ் கிதார் ஒன்றைச் செய்தார். அதற்காகவே அடுத்த வருடம் 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபயர். ஐம்பதுகளின் கடைசியில் அது நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்களோடு, நாற்பது வாட்ஸ் சொச்சம் தருகிற பெட்டியாக வளர்ந்திருந்தது. பேஸுக்காகச் செய்ததை கிதார்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். காலேஜ் லேபில் ஆசிலோஸ்கோப் திரையில் சைன் அலையின் தலை தட்டையானால், "இன்புட்டைக் குறைப்பா" என்பார்கள். அதற்குப் பெயர் கிளிப்பிங். தனக்குக் கிடைக்கும் வோல்டேஜுக்கு மேல் ஆம்ப் எதையும் தர முடியாது, அதனால் அலையின் உச்சி சிதைகிறது, கம்பியில் இல்லாத புது அதிர்வெண்கள் பிறக்கின்றன. டிரான்சிஸ்டர் பெரும்பாலும் கத்தி வைத்ததுபோல நறுக்கிவிடும். வால்வு முதலில் வளைக்கும், பிறகுதான் வெட்டும். அந்த வளைவில்தான் கிதார் தடிக்கிறது, கரகரக்கிறது. பாடப்புத்தகத்தில் அது குறை. லியோவுக்கும் குறைதான்.

இதே காலத்தில் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்ற இன்ஜினியர் வேறொரு அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிதாரின் பிக்கப், சுற்றுப்புற மின்கம்பிகளின் 'ம்ம்ம்' இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். 1955-ல் அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப அழகு. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்தத்தின் துருவத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால், இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்று பெயர். பக்கவிளைவாக, ஆம்புக்குப் போகும் சிக்னல் பலமாகிவிட்டது.

லண்டனில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல், ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்புகளுக்கு அங்கே யானை விலை. எனவே அவரும் கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து பேஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்து 1962-ல் தங்கள் முதல் ஆம்பைச் செய்தார்கள். 1966-ல் எரிக் கிளாப்டன், ஹம்பக்கர் வைத்த லெஸ் பால் கிதாரை மார்ஷல் ஆம்பில் செருகி, ஸ்டுடியோவில் வால்யூமைக் குறைக்காமல் ஜான் மேயாலின் ஆல்பத்துக்கு வாசித்தார்.

யோசித்துப் பாருங்கள். இரைச்சலை ஒழிக்கச் செய்த பிக்கப், சுத்தமாக ஒலிக்கச் செய்த ஆம்பின் நகல். இரண்டு சுத்தங்களும் சந்தித்த இடத்தில் அந்த அழுக்கு பிறந்தது.

லிங்க் ரே 1958-ல் பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டதையும், டேவ் டேவிஸ் 1964-ல் பிளேடால் கிழித்ததையும் எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். நல்ல கதைகள்தான். எனக்கென்னவோ யாரும் எதையும் கிழிக்காத கதைதான் பெரிதாகப் படுகிறது. குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்கள், அவ்வளவே. லியோவோ அறுபதுகளில் இன்னும் அதிக வாட்ஸ், இன்னும் சுத்தமான ஒலி என்று எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். 1965 ஜனவரியில் கம்பெனியை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு சிபிஎஸ்ஸிடம் விற்றுவிட்டார். அன்று சரியாக விற்காத 1958-60 லெஸ் பால்கள் இன்று லட்சக்கணக்கான டாலர். பல பேங்க் லாக்கர் நகை மாதிரி வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. கிதாருக்கு இதைவிடக் கேவலம் இல்லை.

நான் இருப்பது ஃபிளாட்டில். ராத்திரி மகள் தூங்கியபின் லேப்டாப்பில் நானே எழுதிய ஆம்ப் புரோகிராமில் கிதாரைச் செருகி ஹெட்ஃபோனில் வாசிக்கிறேன். வால்வின் வளைவுக்குத் தோராயமாக ஒரே ஒரு கணிதச் சார்பு போதும், டேன்ஹெச். அலையை அதனுள் அனுப்பினால் உச்சிகள் மெத்தென்று மடங்கும். ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தையும் அளந்து சேர்த்துவிடலாம். பதிவு செய்து கேட்டால் என்னால் வித்தியாசம் சொல்ல முடியாது.

வாசிக்கும்போது தெரிகிறது. பெங்களூரில் நண்பனின் ரிகர்சல் அறையில் ஒருமுறை பேஸ்மேனின் மறுபதிப்பில் வாசித்தேன். அதன் குமிழில் எண்கள் பன்னிரண்டு வரை இருக்கும், எட்டில் வைத்தோம். சட்டை அதிர்ந்தது. ஒரு நோட்டைப் பிடித்தபடி ஸ்பீக்கரை நோக்கித் திரும்பினேன். அடங்கவேண்டிய கம்பி அடங்கவில்லை. ஸ்பீக்கர் தள்ளிய காற்று கம்பியை மறுபடி ஆட்ட, கம்பி ஸ்பீக்கரை ஆட்ட, நோட் என் விரலுக்கடியில் தானாகவே வளர்ந்தது. நான் வாசிக்கிறேனா, அறை வாசிக்கிறதா என்று புரியவில்லை.

இப்போது அந்தச் சுழற்சியையும் புரோகிராமில் சேர்த்துப் பார்க்கிறேன். வெளியே போகும் ஒலியைக் கொஞ்சம் தாமதித்து, மறுபடி உள்ளே விடுகிறேன். ஹெட்ஃபோனில் நோட் நிஜமாகவே நீள்கிறது. விரலுக்கடியில் கம்பி எப்போதோ நின்றுவிட்டது.