டிசி வாங்கவா, வேண்டாமா?

காலேஜ் மாறிடலாமா என்ற யோசனை எனக்கு வந்தது ஒரு மழை நாளில். ரப்பர் மரம் நனைஞ்சா பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லேன்னா கூலியும் கிடையாது. அதனால் அப்பா வீட்டில் இருந்தார். அன்னிக்குன்னு பார்த்து எனக்கு ரிசல்ட்! பிஎஸ்சி கணிதம், முதல் வருடம். மேஜர் எல்லாம் பாஸ். அலைட் பிசிக்ஸ் மட்டும் இரண்டாவது தடவையும் புட்டுக்கிச்சு.

"இந்தக் காலேஜே சரியில்லை" என்று முடிவு கட்டிவிட்டேன். (நானும் சரியில்லை என்று தோன்ற ஒரு வாரம் ஆனது.) பிசிக்ஸ் எடுத்த மேடம் பாதி செமஸ்டரில் வேலையை விட்டுப் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. ஆனா அதே வகுப்பில் மற்றவர்கள் பாஸாகத்தானே செய்தார்கள்?

மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு மாறுவது என்றால் முதலில் ஞாபகம் வருவது திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்தப் பக்கம்தானே. என் பள்ளித் தோழி ஒருத்தி அங்கே யூனிவர்சிட்டி காலேஜில் படிக்கிறாள். 1866-ல் தொடங்கியது. மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் சொல்லிக்கொடுத்த இடம். தமாஷ் என்னன்னா, என் மார்க் ஷீட்டில் இருப்பதும் அவர் பெயர்தான், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அவரே நடுவில் திருநெல்வேலிக்குப் போய் வேலை பார்த்துவிட்டு மறுபடி திருவனந்தபுரம் திரும்பியவர். ஆகா, சகுனம் நல்லா இருக்கே என்று நினைத்தேன்.

ஆபீஸ் அக்காவிடம் விசாரித்தபோதுதான் சகுனம் கலைந்தது. டிசி, மைக்ரேஷன் சர்டிபிகேட் எல்லாம் வாங்கிவிடலாம். ஆனால் இங்கே பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், அப்புறம் மேஜர், அலைட். கேரளத்தில் 2024-லிருந்து நான்கு வருடப் பட்டம், மேஜர், மைனர் என்று வேறு கணக்கு. மூன்று வருடத்தில் வெளியே வர வழி உண்டு. ஆனாலும் என் கிரெடிட் அங்கே பொருந்துவது கஷ்டம், அரியரோடு என்றால் கேட்கவே வேண்டாம். முதல் வருடத்திலிருந்து மறுபடி சேர்வதுதான் நிச்சயமான வழி. "டிசி கைக்கு வந்தா இங்க உள்ள சீட்டு போயிரும், யோசிச்சுக்கோ" என்றார் அக்கா.

ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். இங்கே டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை. அந்த ஓசிப் பயணம் களியக்காவிளையோடு முடிந்தது, அதற்கு மேல் கேரள பஸ். மாதம் வரும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாயை அங்கே நம்ப முடியாது, கழித்துவிட்டேன். ஹாஸ்டல், சாப்பாடு, ஒரு வருட நஷ்டம்... அம்மா அண்டியாபீஸில் நாள் முழுக்க முந்திரிப்பருப்பு தோலெடுத்துக் கொண்டுவரும் கூலி என் கண் முன்னால் வந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

அப்போதுதான் ராமானுஜன் ஞாபகம் வந்தார். (மேத்ஸ் படிக்கிறவங்க ஃபெயிலானா எல்லோரும் அவரிடம்தான் ஓடுவோம், ஹி ஹி.) கும்பகோணம் காலேஜில் கணக்கு தவிர மற்றதைக் கவனிக்காமல் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு மாறினார். அங்கே உடலியல் பாடம் பிடித்துக்கொண்டது. எஃப்.ஏ. தேர்வில் ஒரு தடவை ஃபெயில், அடுத்த வருடமும் ஃபெயில். காலேஜ் மாறியது, பிரச்சினை அப்படியே கூட வந்தது. அவருக்காவது நோட்டு நிறைய கண்டுபிடிப்பு இருந்தது. என் நோட்டில் இருப்பது பஸ் கட்டணம்.

மறுநாளும் மழை. அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "போணும்னா போ மக்ளே, கடன வாங்கியாவது பாக்கலாம். அங்க பிசிக்ஸ் கிடையாதா?" என்றார்.

இருக்கிறது. மைனராக எடுத்தாக வேண்டியிருக்கலாம்.

ஆகவே இந்த வருடம் டிசி கேட்கப் போவதில்லை. எம்எஸ்சிக்கு அங்கே போக ஆசை இன்னும் இருக்கிறது, ஆனால் பட்டம் கையில் இருக்கும்போது. நவம்பரில் பரீட்சை. பக்கத்து வீட்டு அண்ணன் பிசிக்ஸ் படித்தவர், வாரம் இரண்டு நாள் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். முதல் யூனிட் எலாஸ்டிசிட்டி. யங் குணகம் என்றால் என்ன என்று கேட்டார், நான் திருதிருவென்று முழித்தேன். ரெண்டு தடவை எழுதின பாடம் சாமி அது!

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அந்த நோட்டுப் பக்கத்தை முதலில் கிழிக்கணும்.