அம்மான்னு கூப்பிட்டது யாரை?

போன வாரம் பழைய பீரோவை ஒழிச்சுக்கிட்டிருந்தப்போ ஒரு ஃபைல் கிடைச்சது. தங்கச்சியோட ஞானஸ்நான சான்றிதழ் நகல், கல்யாணப் பதிவு நகல், நான் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். அந்தக் கடிதத்தப் பத்தித்தான் எழுதணும்னு தோணுச்சு.

தங்கச்சி இருக்கறது டெக்சாஸ்ல. மூணு தடவ கரு தங்கி மூணும் போயிடுச்சு. கடைசியா 2019ல, 22 வாரத்துல. அன்னிக்கு போன்ல நான் சொன்னது "கவலப்படாதம்மா, அடுத்த தடவ நல்லா நடக்கும்". ஆறுதல் சொல்றோம்ங்கற நெனப்புல எவ்வளவு முட்டாள்தனமா பேசறோம்! அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "ஞானஸ்நானம் கூடக் குடுக்கலண்ணா" அப்படின்னா. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் மீட்பு உண்டுன்னு நம்பக் காரணம் இருக்குன்னு வத்திக்கானின் இறையியல் குழு 2007லயே சொல்லியிருக்கு. அது எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் போன்ல சொல்லியிருப்பேனான்னு தெரியல.

2020 தொடக்கத்துல தத்தெடுக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. எங்க அம்மா சாப்பிடாம உக்காந்துட்டாங்க. "யாரு பெத்த பிள்ளையோ"ன்னு ஒரே பேச்சு. வரதராஜன்பேட்டையில பாதிப் பேருக்கு மேல வேதக்காரங்க, இருந்தும் தத்துங்கறது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். அதுக்குச் சட்டமும் ஒரு காரணம். 1956ஆம் வருஷத்து தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக்காரங்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவங்களுக்கு இருந்தது 1890ஆம் வருஷத்து பாதுகாவலர் சட்டம். அதுபடி நீங்க வளர்க்கலாம், ஆனா தாய் தகப்பன் கிடையாது, வெறும் கார்டியன். பிள்ளைக்கு வயசு வந்ததும் அந்த உறவும் முடிஞ்சுது. 2000ல வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006ல அதுக்கு வந்த திருத்தமும்தான் எல்லா மதத்துக்காரங்களுக்கும் கதவத் திறந்துச்சு. 2014ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதி பண்ணிச்சு. இதெல்லாம் தங்கச்சிக்காகப் படிச்சது.

மாப்ள அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டதால நாடு விட்டு நாடு போற விதிகள். குழந்தைய வெளிநாட்டுக்கு விக்கற கும்பல்கள் நம்ம ஊர்ல இருந்ததுதான். 1984ல லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்குல சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்டுச்சு. ஹேக் ஒப்பந்தத்தை 2003ல இந்தியா ஏத்துக்குச்சு. அதனால காரா (மத்திய தத்தெடுப்பு அமைப்பு), அங்க ஒரு ஏஜென்சி, அமெரிக்கக் குடியேற்றத்துறைன்னு எல்லாரும் தலையாட்டணும். எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா நடந்த கதைகளப் படிச்சா இன்னும் ரெண்டு கையெழுத்து கேட்டாலும் போடலாம்னு தோணும்.

அந்த ஏஜென்சிலேர்ந்து வீட்டு விசாரணைக்கு வந்த சமூகப் பணியாளர், "உங்க ரெண்டு பேருக்கும் எதாவது ஆயிட்டா குழந்தைய யார் பாத்துப்பாங்க?"ன்னு கேட்டிருக்காங்க. இவ என் பேரச் சொல்லிட்டா. எங்கிட்ட கேக்காமலே. அதுக்குத்தான் கடிதம். நான் உடனே கையெழுத்துப் போடல. ரெண்டு நாள் ஆச்சு. எனக்கே ரெண்டு பசங்க, முந்திரி வெலை அந்த வருஷம் படுத்துடுச்சு, இப்படி நானா காரணம் கட்டிக்கிட்டிருந்தேன். "யாரு பெத்த பிள்ளையோ"ன்னு அம்மா வாய்விட்டுச் சொன்னாங்க, நான் மனசுக்குள்ள சொல்லியிருக்கேன், அவ்வளவுதான் வித்தியாசம். இத இன்னிக்கு வரைக்கும் தங்கச்சிகிட்ட சொன்னதில்ல.

மூணு வருஷக் காத்திருப்பு. 2023 ஏப்ரல்ல ரெண்டரை வயசுப் பொண்ணு, ஆந்திராவுல ஒரு காப்பகத்துலேர்ந்து. காராவோட தடையில்லாச் சான்று வந்தப்புறம், ஆணை வர்ற வரைக்கும் குழந்தைய இந்தியாவுக்குள்ள வச்சுக்க அனுமதி உண்டு. (முன்னெல்லாம் கோர்ட் ஆணை. 2022 செப்டம்பர்லேர்ந்து கலெக்டரே தர்றார்.) தங்கச்சி குழந்தையோட நேரா நம்ம ஊருக்கே வந்துட்டா.

முந்திரிப் பழ சீசன். தெருவெல்லாம் அந்த வாசனை. குழந்தைக்குப் புரிஞ்சது தெலுங்கு மட்டும். எதக் குடுத்தாலும் "வத்து!". அம்மா இட்லிய நீட்டினா "வத்து", பால நீட்டினா "வத்து". ரெண்டாம் நாளே அம்மா பக்கத்து வீட்டுல போய் "வத்துன்னா என்னடி?"ன்னு விசாரிச்சுட்டு வந்தாங்க. பழத்த உப்புத் தடவிக் குடுத்ததும் மட்டும் வாங்கிக்கிச்சு. புது கவுன் பூரா கறை. எங்கள அடிச்சுத் துவைக்கற அம்மா ஒண்ணும் சொல்லல.

ராத்திரிதான் கஷ்டம். நடுச்சாமத்துல எந்திரிச்சு "அம்மா, அம்மா"ன்னு கத்தும். தங்கச்சி ஓடுவா. அவளப் பாத்ததும் அழுகை ஜாஸ்தியாகும், தள்ளிவிடும். தெலுங்குலயும் அம்மா அம்மாதானே. "அவ கூப்பிடறது என்னை இல்லண்ணா. காப்பகத்துல பாத்துக்கிட்ட ஆயாவ"ன்னு திண்ணையில உக்காந்து சொன்னா. எனக்குப் பதில் வரல. இந்தத் தடவ நல்லவேளையா வாய மூடிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்.

பதினோராவது நாள் ராத்திரியும் சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. விடிஞ்சு காப்பி எடுத்துக்கிட்டுப் போனேன். குழந்தை தங்கச்சியோட நைட்டிக் கைய இறுக்கிப் பிடிச்சபடி, அவ தோள்மேல தூங்குது. அவ கை மரத்துப்போயிருக்கணும். அசையாம கண்ணால மட்டும் "அங்க வச்சுட்டுப் போ"ன்னா.

காப்பிய ஜன்னல்ல வச்சுட்டு வந்தேன். ஆறித்தான் போச்சு.