தண்ணீர் குடித்து இறுகும் பசை

"தம்பி, இது தண்ணியைக் குடிச்சுத்தான் இறுகும்" என்பார் எங்கள் ஊர் ஓடாவியார். கதிரைக் காலுக்குப் பொலியூரித்தேன் பசை பூசுமுன் மரத்தை ஈரத்துணியால் துடைப்பார். யாழ்ப்பாணத்து மாரியில் காற்றின் ஈரமே போதுமாம்.

அவர் சொல்வது இரசாயனம். பசையிலுள்ள ஐசோசயனேற்று நீருடன் சேர்ந்து காபனீரொட்சைட்டை வெளிவிடும். பசை நுரைத்துப் பொங்கி இறுகும். 1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, போபால் ஆலைத் தாங்கியில் நீர் புகுந்தபோது தொடங்கியதும் இவ்வகைத் தாக்கமே. ஆனால், அங்கிருந்த மெதையில் ஐசோசயனேற்று 39 பாகையிலேயே கொதிப்பது. பசைகளில் பெரும்பாலும் உள்ள எம்.டி.ஐ. என்னும் அதன் உறவுப் பொருள் சாதாரண வெப்பநிலையில் அரிதாகவே ஆவியாகும். ஆகவே அச்சம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

கையுறை அணியுங்கள், சாளரத்தைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளோர் விலகியிருப்பது நன்று. தோலில் பட்டால், இறுகுமுன் உலர்துணியால் துடைத்துப் பின் கழுவுங்கள். விழுங்கினால் இரைப்பையிலும் பொங்கிக் கல்லாகும். நாய்களுக்கு வயிற்றைக் கீறி எடுக்க நேர்ந்திருக்கிறது. குழந்தை விழுங்கினால், வாந்தியெடுக்கச் செய்யாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நான் வாங்கிய போத்தலில் இவற்றுள் ஒன்றேனும் தமிழில் இல்லை. எனவேதான் இங்கு எழுதினேன். வீட்டிலுள்ளோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.